வீட்டு ஃப்ளைட் சிமுலேட்டருக்கு ரட்டர் பெடல்: தேர்ந்தெடுப்பது முதல் பொருத்துவது வரை முழுமையான வழிகாட்டி

செஸ்னா 172-ஐ ரன்வேயின் நடுக்கோட்டில் நிறுத்தி, த்ராட்டிலை முழுக்கத் தள்ளிப் பாருங்கள். விமானம் நேராக ஓடாது, இடப்பக்கம் இழுத்துக்கொண்டே போகும். புரொப்பெல்லர் தள்ளும் காற்று உடலைச் சுற்றிச் சுழன்று வந்து, வாலில் செங்குத்தாக நிற்கும் தகட்டின் இடப்பக்கத்தில் மோதுவது ஒரு காரணம். எஞ்சின் ஒரு பக்கம் சுழல, உடல் எதிர்ப்பக்கம் சாயப் பார்ப்பதால் இடது டயரில் பாரம் கூடுவது இன்னொரு காரணம். மூக்கு மேலே எழும்பியதும், கீழிறங்கும் வலப்பக்கத் தகடு இடப்பக்கத் தகட்டை விட அதிகமாக இழுப்பதும் சேர்ந்துகொள்ளும். இதற்கெல்லாம் விமானி செய்வது ஒன்றுதான். வலது காலைக் கொஞ்சமாக, தொடர்ந்து அழுத்திப் பிடிப்பார். வேகம் கூடக் கூட அந்த அழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்.

படகுக்குச் சுக்கான் எப்படியோ, அப்படித்தான் விமானத்துக்கு ரட்டர். ஜாய்ஸ்டிக்கைத் திருகினாலும் அது வேலை செய்யும். ஆனால் ஒரே மணிக்கட்டால் சாய்க்கவும் தூக்கவும் திருகவும் முயன்றால் ஒன்று இன்னொன்றைக் கெடுக்கும். ரட்டரைத் திருகும்போது கை தன்னையறியாமல் ஏலரானையும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடு) அசைத்துவிடும். அந்த வேலையைக் காலுக்குக் கொடுத்த முதல் நாளிலேயே வித்தியாசம் தெரியும்.

பெடல் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது 'இரும்பா, பிளாஸ்டிக்கா' என்றுதான். என் கணக்கில் அது மூன்றாவது, நான்காவது கேள்வி. முதல் கேள்வி, கால் நடுவில் இருக்கும்போது முதல் ஒரு சென்டிமீட்டர் எப்படி நகர்கிறது என்பது. பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி உங்கள் கால் இருக்கப்போவது அந்த ஒரு சென்டிமீட்டருக்குள்தான்.

படி 1: எதை ஓட்டுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாம் ஓட்டுவேன் என்று சொல்லத் தோன்றும். ஆனாலும் கடந்த ஒரு மாதத்தில் அதிக நேரம் எதில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று பாருங்கள். தேர்வு அதைப் பொறுத்தே மாறும்.

செஸ்னா 172 போன்ற சிறிய விமானங்களில் பெடலுக்கு எல்லா நேரமும் வேலை உண்டு. தரையில் மூக்குச் சக்கரத்தைத் திருப்புவது அதுதான். ஏலரானைக் கொண்டு திரும்பும்போது மூக்கு எதிர்ப்பக்கம் போகப் பார்க்கும், அதைத் தடுப்பதும் அதுதான். கருவிப் பலகையில் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு பந்து ஓடுமே, அது எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கக் காலை அழுத்த வேண்டும். இறக்கை நீளமான கிளைடரில் இந்த எதிர்த் திருப்பம் இன்னும் பலமாக இருக்கும். அங்கே பந்தோடு முன்கண்ணாடியில் ஒட்டிய நூலையும் பார்த்துக் காலை நகர்த்துவார்கள்.

ஏர்பஸ் ஏ320 போன்ற பயணிகள் விமானமென்றால் கதை வேறு. பறக்கும்போது திருப்பத்தைக் கணினியே ஒழுங்குபடுத்திவிடும். புறப்பாடு, பக்கக் காற்றில் இறங்குவது, ஒரு எஞ்சின் நின்றுபோவது, இந்த நேரங்களில்தான் காலுக்கு வேலை. தரையில் பெடலால் மூக்குச் சக்கரம் இருபக்கமும் சுமார் 6 டிகிரிதான் திரும்பும். கூர்மையான திருப்பத்துக்குக் கையால் சுழற்றும் டில்லர் இருக்கிறது, அது 75 டிகிரி வரை திருப்பும். அதனால் பெடல் வந்த பிறகும் ஜாய்ஸ்டிக்கின் திருகு அச்சை வீணாக்க வேண்டாம், டில்லராக ஒதுக்கிக்கொள்ளலாம். ஏர்பஸ் மட்டுமே ஓட்டுபவர் விலை உயர்ந்த பெடலுக்குப் பணம் போட வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து.

ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களுக்குத்தான் பெடல் மிக முக்கியம். யுஹெச்-1, பெல் 206, ராபின்சன் ஆர்44 போன்றவற்றில் கலெக்டிவை, அதாவது ஹெலிகாப்டரை மேலே தூக்கும் லீவரை, உயர்த்தும்போதெல்லாம் இடது கால் கூடவே போக வேண்டும். எம்ஐ-8-இல் மேல் விசிறி எதிர்த்திசையில் சுற்றுவதால் வலது கால். ஓரிடத்தில் நிலையாக நிற்கும்போது இரண்டு காலும் ஓயாமல் மில்லிமீட்டர் கணக்கில் அசைந்துகொண்டே இருக்கும். நிஜ ஹெலிகாப்டர் பெடலுக்கு நடுநிலை என்று ஒன்று இல்லை, விட்ட இடத்தில் நிற்கும். நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் பலமாக உள்ள பெடல் இங்கே உங்களோடு சண்டை போடும்.

படி 2: டோ பிரேக் வேண்டுமா?

பெடலின் மேல்பகுதியைக் கால்விரலால் சாய்த்தால் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிப்பது டோ பிரேக். பெரும்பாலானவர்களுக்கு இது வேண்டும். டயமண்ட் டிஏ40, சிரஸ் எஸ்ஆர்22 இரண்டிலும் மூக்குச் சக்கரம் பெடலோடு இணைந்திருக்காது, தள்ளுவண்டிச் சக்கரம் போலத் தானாகச் சுழலும். மெதுவாக ஓடும்போது ஒரு பக்கப் பிரேக்கைத் தொட்டுத்தான் திருப்ப முடியும். டோ பிரேக் இல்லாத பெடலோடு இவற்றைப் பார்க்கிங்கிலிருந்து ரன்வேக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு.

மறுபக்கம், ஸ்பிட்ஃபயரில் டோ பிரேக்கே கிடையாது. கைப்பிடியில் இருக்கும் லீவரை அழுத்தினால் பிரேக், கால் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தச் சக்கரத்துக்கு அதிகமாகப் போகும். மிக்-15, மிக்-21 இரண்டும் இதே முறை. ஹெலிகாப்டர்களிலும் பெரும்பாலும் தேவைப்படாது. இந்த வகைகள்தான் உங்கள் உலகம் என்றால் டோ பிரேக் இல்லாத, எளிமையான பெடலை நிம்மதியாக வாங்கலாம். அசையும் மூட்டுகள் குறையக் குறைய ஆட்டமும் குறையும்.

டோ பிரேக் உள்ளதை வாங்கினால் அதன் ஸ்பிரிங் ஓரளவு கடினமாக இருப்பது நல்லது. இலேசாக இருந்தால், ரட்டரை அழுத்தும்போதே பிரேக்கும் பிடித்துக்கொள்ளும். ஓட்டத்தின் நடுவே விமானம் ஒரு பக்கம் திடீரென்று இழுத்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

படி 3: அந்த ஒரு சென்டிமீட்டர்

நான் முதலில் வாங்கியது பழைய பெடல், இரண்டாம் கை. பார்க்க உறுதியாக இருந்தது. டாக்ஸி செய்யும்போது, அதாவது தரையில் ஓட்டிப் போகும்போது, மஞ்சள் கோட்டைப் பாம்பு போல வளைந்து வளைந்துதான் கடக்க முடிந்தது. ஒரு மாதம் என் கால்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் விமானத்தை விட்டுவிட்டு, விண்டோஸில் கேம் கண்ட்ரோலர் சோதனைப் பக்கத்தைத் திறந்து, ரட்டர் அச்சைக் காட்டும் பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு வலது காலை மிக மெதுவாக அழுத்தினேன். பட்டை அசையவில்லை. இன்னும் அழுத்தினேன், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் 'டக்' என்று ஒரு விரற்கடை தாவி நின்றது. திரும்பி வரும்போதும் அதே தாவல். நடுவுக்கும் அந்தத் தாவலுக்கும் இடையே ஒரு புள்ளியில்கூட என்னால் அதை நிறுத்தி வைக்க முடியவில்லை. ரன்வேயில் எனக்கு வேண்டியிருந்த அளவெல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் இருந்தது.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று, ஸ்பிரிங் நடுவிலேயே இழுபட்ட நிலையில் பொருத்தப்பட்டிருப்பது. நடுவை விட்டு நகர ஒரு குறிப்பிட்ட பலம் தேவைப்படும், அதைத் தாண்டியதும் கால் எகிறிவிடும். இன்னொன்று, வழுக்க வேண்டிய இடத்தில் உராய்வு. தண்டவாளம் போன்ற பள்ளத்தில் பெடல் சறுக்கும் அமைப்புகளில் இது சகஜம். என்னுடையதைப் பிரித்து, காய்ந்துபோன பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவி, ஸ்பிரிங்கை ஒரு படி தளர்த்தினேன். தாவல் பாதிக்கு மேல் குறைந்தது. (துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயைப் போடாதீர்கள். சீக்கிரம் காய்ந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும்.)

எனவே எந்தப் பெடலைப் பார்த்தாலும் அதன் உள்ளமைப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளத்தில் சறுக்குவது விலை குறைந்த வகை. நடுவில் ஒரு அச்சில் சீசாப் பலகை போலச் சுழல்வது அதைவிட மென்மை, ஏனென்றால் உராய்வு ஒரு பேரிங்கோடு முடிந்துவிடும். மேலிருந்து ஊஞ்சல் போலத் தொங்குவது நிஜப் பயணிகள் விமானத்துக்கு நெருக்கமான அசைவு, ஆனால் இடமும் எடையும் அதிகம்.

நல்ல பெடல்களில் கேம் என்ற ஒரு வளைந்த உலோகத் துண்டு இருக்கும். ஸ்பிரிங்கின் உருளை அதன்மேல் ஓடும். கேமின் நடுவில் பள்ளம் கூர்மையாக இருந்தால் நடு எது என்று கால் உணரும். வளைவு மெதுவாக இருந்தால் நடு தெரியாமல் வழவழவென்று கடக்கும். சிறிய விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் நான் சொல்வது மெதுவான கேம். போர் விமானத்தில் சண்டை நடுவே கால் தானாக நடுவுக்கு வர வேண்டும் என்பவர்கள் கூர்மையானதை விரும்புகிறார்கள், அதுவும் நியாயம்தான்.

இதோடு டேம்பரையும் சேர்த்தால், அதாவது பைக்கின் ஷாக் அப்சார்பர் போன்ற ஒரு சின்ன எண்ணெய்க் குழாய், காலின் நடுக்கம் விமானத்துக்குப் போகாது. ஹெலிகாப்டர் ஓட்டுபவர் ஸ்பிரிங்கை முழுதாகக் கழற்றிவிட்டு டேம்பரை மட்டும் வைத்துக்கொண்டால், பெடல் விட்ட இடத்திலேயே நிற்கும்.

படி 4: சென்சார்

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். பொட்டென்ஷியோமீட்டர் என்பது பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் மாதிரி, உள்ளே ஒரு முள் கரித்தடத்தின்மேல் உரசி ஓடும். நாளாக நாளாகத் தேயும், தூசி சேரும், பட்டை தானாக நடுங்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில காலம் சரியாகும். ஹால் சென்சார் என்பது காந்தத்தின் நிலையை வைத்து அளப்பது. எதுவும் எதையும் தொடாது, தேய்மானமும் இல்லை. நம் ஊர்த் தூசிக்கும் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றுக்கும் ஹால் சென்சார்தான் நல்லது.

விளம்பரத்தில் 10 பிட், 12 பிட், 16 பிட் என்று போட்டிருப்பார்கள். 10 பிட் என்றால் முழு அசைவும் 1,024 படிகளாகப் பிரியும், 12 பிட் என்றால் 4,096. காலுக்கு 12 பிட் தாராளம். அதற்கு மேல் உள்ள எண்ணுக்காகப் பணம் கூடக் கொடுக்க வேண்டாம்.

படி 5: தரை, நாற்காலி, வெறுங்கால்

வெளிநாட்டு விமர்சனங்கள் பெரும்பாலும் கார்ப்பெட் போட்ட அறையில் எழுதப்பட்டவை. நம் வீடுகளில் டைல்ஸ், கிரானைட், மொசைக். பிளாஸ்டிக் பெடலைத் தரையில் வைத்து அழுத்தினால் அது முன்னால் ஓடும், சக்கர நாற்காலி பின்னால் ஓடும். பெடல் 7 கிலோ இருந்தாலும் நாற்காலி நகர்வது நிற்காது.

நான் செய்திருப்பது இது. 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகை ஒன்று, நாற்காலியின் முன்சக்கரங்களிலிருந்து பெடல் வரை நீளம். பெடலைப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கியாகிவிட்டது. மறுமுனையில் நாற்காலியின் இரண்டு முன்சக்கரங்களும் உட்காரும்படி இரண்டு குழிகள். இப்போது கால் பெடலை முன்னால் தள்ளும் பலமும் முதுகு நாற்காலியைப் பின்னால் தள்ளும் பலமும் ஒரே பலகைக்குள் முடிந்துவிடுகின்றன, தரைக்கு வேலையே இல்லை. பலகைக்கு அடியில் வழுக்காத ரப்பர் மேட் போட்டால் போதும். ஆசாரியிடம் கொடுத்தால் அரை நாள் வேலை. அவசரத்துக்கு நாற்காலியின் தண்டையும் பெடலையும் நைலான் பட்டையால் கட்டிவிட்டாலும் ஓடாது.

அளவெடுக்கும்போது வழக்கம்போல உட்கார்ந்து, ஒரு காலை முழுக்க நீட்டி அழுத்துவது போல வைத்துப் பாருங்கள். அந்த நிலையிலும் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். குதிகால் தரையில் அல்லது பெடலின் அடித்தட்டில் ஊன்றியிருக்க வேண்டும், காலின் முழு எடையும் பெடல்மேல் தொங்கக் கூடாது. இரண்டு பெடலுக்கும் இடையே உள்ள அகலத்தையும் பாருங்கள். குறுகலான பெடலில் முழங்கால்கள் ஒட்டியபடி இருக்கும், இரண்டு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். நடுவில் ஜாய்ஸ்டிக் தாங்கி வைப்பவர்களுக்கு அகலம் கட்டாயம் வேண்டும்.

நாமெல்லாம் வீட்டில் வெறுங்காலோடுதான் இருப்போம். உலோகப் பெடல்களில் பிடிப்புக்காக வெட்டியிருக்கும் பற்கள் உள்ளங்காலைக் குத்தும். வாங்கிய பிறகு மெல்லிய ரப்பர் ஷீட்டை வெட்டி ஒட்டிவிடலாம், அல்லது அடி மெல்லியதாக உள்ள கேன்வாஸ் ஷூ. தடித்த அடியுள்ள ஷூ வேண்டாம், அந்த ஒரு சென்டிமீட்டர் காலுக்குத் தெரியாமல் போய்விடும்.

படி 6: இணைப்பு

கணினியில் யுஎஸ்பி போதும். எக்ஸ்பாக்ஸில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஆடுபவர்கள் மட்டும் கவனம். கணினிக்கான பெடல்களில் பெரும்பாலானவை அங்கே வேலை செய்யாது. அட்டைப்பெட்டியில் எக்ஸ்பாக்ஸ் பெயர் வெளிப்படையாக இருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

படி 7: சந்தையில் இருப்பவை

தொடக்க நிலையில் எல்லோரும் பார்ப்பது இரண்டு. த்ரஸ்ட்மாஸ்டரின் டிஎஃப்ஆர்பி, பள்ளத்தில் சறுக்கும் வகை, எடை குறைவு, டோ பிரேக் உண்டு. கால்களுக்கிடையே இடைவெளி குறைவு என்பதை நினைவில் வையுங்கள். டி.ஃப்ளைட் ஹோட்டாஸ் ஒன் ஜாய்ஸ்டிக்கில் செருகினால் எக்ஸ்பாக்ஸிலும் ஓடும். அடுத்தது லாஜிடெக் ஃப்ளைட் ரட்டர் பெடல்ஸ். சைடெக் நிறுவனத்தை 2016-இல் லாஜிடெக் வாங்கியபோது கூடவே வந்த வடிவம் இது. அகலமும் உறுதியும் அதிகம், நடுவில் உள்ள குமிழைத் திருகி இறுக்கத்தை மாற்றலாம். இரண்டிலும் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். செஸ்னாவும் ஏர்பஸ்ஸும் ஓட்டும் புதியவருக்கு இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், கால் அகலத்துக்காக லாஜிடெக்கைச் சொல்வேன்.

அடுத்த படியில் விகேபியின் டி-ரட்டர். டோ பிரேக் கிடையாது, சீசா அசைவு, தொடாத சென்சார். மேசைக்கடியில் இடம் குறைவாக உள்ளவருக்கும் ஹெலிகாப்டர், ஸ்பிட்ஃபயர் பிரியர்களுக்கும் இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்கு டர்டில் பீச்சின் வெலாசிட்டிஒன் ரட்டர் இருக்கிறது.

மேல்நிலையில், த்ரஸ்ட்மாஸ்டர் டிபிஆர் தொங்கும் வகை, ஹால் சென்சார், ஸ்பிரிங்கை நகர்த்தி இறுக்கத்தை மாற்றலாம். பயணிகள் விமானமும் சிறிய விமானமும் ஓட்டுபவருக்கு ஏற்றது. குரோவேஷியாவில் தயாராகும் எம்எஃப்ஜி கிராஸ்விண்டில் கேமை மாற்றலாம், டேம்பர் சேர்க்கலாம், பெடலின் சாய்வையும் மாற்றலாம். பல வகை விமானங்களை மாறி மாறி ஓட்டுபவருக்கு என் பரிந்துரை இதுதான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் கூரியர் செலவும் சேர்ந்து விலை நன்றாகவே ஏறும். ஆர்டர் போடும் முன் இரண்டையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

இரண்டாம் கையாக வாங்கினால், விற்பவரிடம் லேப்டாப்பில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். காலை எடுத்ததும் பட்டை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கிறதா, தொடாமல் இருக்கும்போது நடுங்குகிறதா, நான் மேலே சொன்ன தாவல் இருக்கிறதா, இந்த மூன்றும் போதும். ஒயர் பெடலுக்குள் நுழையும் இடத்தையும் ஒருமுறை வளைத்துப் பாருங்கள்.

படி 8: பொருத்திய பிறகு

முதலில் கேலிப்ரேஷன், அதாவது பெடலின் நடுவும் இரு முனைகளும் எங்கே என்று கணினிக்குக் காட்டுவது. நிறுவனத்தின் மென்பொருள் இருந்தால் அதிலும், இல்லையென்றால் விண்டோஸிலும். அடுத்து, ஜாய்ஸ்டிக்கின் திருகு அச்சிலிருந்து ரட்டரை நீக்குங்கள். இதை மறந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதி ரட்டர் உதறும். சிமுலேட்டரின் உதவி அமைப்புகளில் தானியங்கி ரட்டரை அணையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் பெடல் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

விமானம் எவ்வளவு த்ராட்டில் கொடுத்தும் நகரவில்லையா? பெரும்பாலும் டோ பிரேக் அச்சு தலைகீழாக இருக்கும், காலை எடுத்தால் முழுப் பிரேக் என்று அர்த்தம். அச்சைத் திருப்பிவிடுங்கள், சரியாகிவிடும்.

டெட்சோனை, அதாவது நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதியை, சுழியத்தில் தொடங்குங்கள். பட்டை தானாக நடுங்கினால் மட்டும் 2 அல்லது 3 சதவீதம். நடுவின் தாவலை மறைக்க டெட்சோனைக் கூட்டாதீர்கள், நிலைமை மோசமாகத்தான் ஆகும். கர்வை, அதாவது கால் அசைவுக்கு ரட்டர் எவ்வளவு நகர வேண்டும் என்று காட்டும் கோட்டை, நேர்கோடாகவே விடுங்கள். பெடலின் அசைவு தூரம் குறைவாக இருந்து, தொட்டாலே விமானம் துள்ளினால், நடுப்பகுதியைக் கொஞ்சம் மட்டும் மென்மையாக்குங்கள். ஹெலிகாப்டருக்கு நேர்கோடுதான்.

சில நாள் கழித்துப் பறக்கும் நடுவில் பெடல் திடீரென்று உயிரிழந்தால், விண்டோஸ் மின்சாரத்தை மிச்சப்படுத்த அந்த யுஎஸ்பியை அணைத்திருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள்.

படி 9: காலுக்குப் பயிற்சி

முதல் நாள் பறக்கவே வேண்டாம். செஸ்னா 172-இல் அரை மணி நேரம் மஞ்சள் கோட்டில் டாக்ஸி மட்டும். பார்வை மூக்குக்கு அருகில் இல்லாமல் தூரத்தில் இருக்கட்டும். இரண்டாம் நாள் காற்றே இல்லாமல் புறப்பாடு மட்டும். த்ராட்டிலை மெதுவாக, மூன்று நான்கு விநாடி எடுத்துத் தள்ளுங்கள், வலது கால் அதோடு சேர்ந்து நகரட்டும்.

அப்புறம் சென்னை. பிற்பகலில் கடற்காற்று வீசும் ஊர் அது. ரன்வே 07-ஐ எடுத்துக்கொண்டு, காற்றை 130 டிகிரியிலிருந்து 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) என்று வையுங்கள். 07 என்றால் ரன்வே சுமார் 70 டிகிரித் திசையை நோக்கியது, எனவே ரன்வேக்கும் காற்றுக்கும் 60 டிகிரி வித்தியாசம், அதாவது பக்கக் காற்று சுமார் 10 நாட். செஸ்னா 172-எஸ் கையேட்டில் செய்து காட்டப்பட்ட பக்கக் காற்று 15 நாட், எனவே விமானம் தாங்கும். காற்று வலப்பக்கத்திலிருந்து வருவதால் மூக்கை வலப்பக்கம் திருப்பியபடியே இறங்குவீர்கள். சக்கரம் தொடுவதற்குச் சற்று முன் இடது காலை அழுத்தி மூக்கை நடுக்கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள், அதே நேரம் கை ஏலரானை வலப்பக்கம் சாய்க்கட்டும். தொட்ட பிறகும் காலை எடுக்காதீர்கள், வேகம் குறையும் வரை விமானம் காற்றை நோக்கித் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இப்படிப் பத்துத் தடவை இறங்குங்கள். பிறகு ஸ்பிரிங்கை ஒரு படி தளர்த்தி இன்னொரு பத்து, ஒரு படி இறுக்கி இன்னொரு பத்து. எந்த இறுக்கத்தில் நடுக்கோட்டிலிருந்து குறைவாக விலகினீர்களோ அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்துவிடுங்கள். போல்ட்டுகளையும் அன்றே ஒருமுறை இறுக்கிவிடுங்கள், புதுப் பெடலில் முதல் வாரத்தில் அவை தளர்வது உண்டு.